சுண்ணாம்புக்கு ஓர் ஆணை, சிமெண்டுக்கு ஒரு சீட்டு!

வீடு கட்டக் கல் வேண்டும், மண் வேண்டும், மரம் வேண்டும், கூலி கொடுக்கக் காசு வேண்டும். இத்தனையும் இருந்தாலும் ஆள்வோரின் அனுமதி இல்லாமல் ஒரு மூட்டை சிமெண்டு வாங்க முடியாது என்றொரு காலம் இருந்தது என்றால், இன்றைய இளைஞர் நம்ப மறுப்பர். "மனை என்னுடையது, பணம் என்னுடையது, தடுப்பவன் எவன்?" என்பர். தடுத்தார்கள், தோழர்களே! ஒரு காலத்தில் சாதியின் பெயரால் தடுத்தார்கள். பிறிதொரு காலத்தில் போரின் பெயரால் தடுத்தார்கள். தடுத்த கை மாறியது, தடுத்த காரணமும் மாறியது. தடுக்கப்பட்டவன் மாறினானா? இந்தக் கேள்வியோடு கள்ளக்குறிச்சிச் சீமையையும் கல்வராயன் மலையையும் நாம் ஒருமுறை சுற்றிவர வேண்டும்.

கடைத்தெருவுக்கு வந்த போர்

1939 செப்டம்பர் 3. இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்று அரசப் பிரதிநிதி லின்லித்கோ அறிவித்தார். இந்நாட்டு மக்களின் பேராளர் ஒருவரையும் அவர் கேட்கவில்லை. அந்த ஆண்டே இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் விதிகளும் வந்தன. பொருள்களின் உற்பத்தி, விலை, விற்பனை, வினியோகம் ஆகிய அனைத்தையும் ஆணையால் கட்டுப்படுத்தும் அதிகாரம் அந்த விதிகளுள் 81 ஆம் விதியால் அரசுக்குக் கிடைத்தது. அக்டோபர் இறுதியில் இராசகோபாலாச்சாரியாரின் அமைச்சரவை பதவி விலகியது. அதன்பின் 1946 வரை சென்னை மாகாணத்தில் கவர்னர் ஆட்சி. சட்டமன்றத்தின் சந்தடி இல்லை. கேள்வி கேட்பார் இல்லை. ஆணைமேல் ஆணை வந்தது.

நீதிக்கட்சி அந்தப் போர் முயற்சிக்கு ஆதரவு தந்தது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆரிய இரத்தமே ஆளப்பிறந்தது என்று முழங்கிய இட்லர் வென்றிருந்தால் உலகம் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பவர்க்கு, அந்த ஆதரவின் பொருள் விளங்கும். ஆயினும், போரை ஆதரித்தவனும் எதிர்த்தவனும் ஒரே கடைக்குத்தான் ஆணி வாங்கப் போனார்கள். பெர்லினுக்கும் இலண்டனுக்கும் இடையே மூண்ட தீ, கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவின் ஆணிப்பெட்டி வரை எட்டியது.

எப்படி எட்டியது? 1941 இல் இரும்பு, எஃகு உற்பத்தி மற்றும் வினியோகக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. அன்றுமுதல் உத்திரமும் கம்பியும் தகடும் விரும்பியவன் விரும்பியபோது வாங்கும் சரக்குகளாக இருக்கவில்லை. இரும்புக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதிச்சீட்டு வேண்டும். 1942 இல் சிமெண்டும் அரசின் பிடிக்குள் வந்தது. உற்பத்தியில் பெரும்பகுதி படைத்துறைக்கே ஒதுக்கப்பட்டது. படைவீட்டுக்குக் கூரைத் தகடு, பதுங்குகுழிக்குச் சிமெண்டு, பாலத்துக்கு எஃகு. பொதுமக்களுக்கோ, மிஞ்சியது. அதே ஆண்டு மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரிசியோடு தேக்கும் நின்றது.

இரும்புப் பசி எவ்வளவு கொடியது என்பதற்கு நம் நாட்டு இருப்புப்பாதைகளே சான்று. 1928 இல் திறக்கப்பட்ட மதுரை–போடிநாயக்கனூர் பாதையை 1942 இல் பெயர்த்தெடுத்தார்கள். 1954 இல்தான் அங்கு மீண்டும் வண்டி ஓடியது. கேரளத்தில் சோரனூர்–நிலம்பூர் பாதைக்கும் இதே கதி. கல்வராயனுக்கு மேற்கே, மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை சென்ற சிறிய பாதை 1941 இல் மூடப்பட்டது. மொரப்பூரையும் தருமபுரியையும் மீண்டும் இணைக்கும் திட்டத்துக்கு 2019 இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். பெயர்க்க ஓர் ஆணை போதும். பதிக்கத் தலைமுறை மூன்று வேண்டும்!

கல்கத்தாவின் ஔரா பாலத்தையும் நினைவில் கொள்வோம். 1943 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அப்பாலத்துக்கு ஏறத்தாழ 26,500 டன் எஃகு தேவைப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய எஃகைப் போர் விழுங்கியதால், அதில் 23,000 டன்னை டாட்டா ஆலையே தந்தது. எஃகு இந்நாட்டில் இல்லாமற் போய்விடவில்லை என்பதை இது காட்டுகிறது. எஃகு இருந்தது. எங்கே போகவேண்டும் என்பதை ஆள்வோர் முடிவு செய்தனர்.

நம் வட்டாரத்திலேயே அந்த முடிவின் தடயம் கிடக்கிறது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் உளுந்தூர்ப்பேட்டையில், இரண்டாம் உலகப்போரின்போது ஒரு விமானத்தளம் அமைத்தார்கள். சப்பானியர் பர்மாவைப் பிடித்து வங்கக்கடலில் கப்பல்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்த வேளை அது. தளம் தேவையில்லை என்று நாம் வாதிட வரவில்லை. போர் முடிந்தது; வானூர்திகள் போயின; ஓடுதளம் பயனற்றுக் கிடந்தது. மழைக்கு ஒழுகும் ஆயிரமாயிரம் கூரைகளுக்கு நடுவே, எவரும் குடியிராத நெடுந்தளம் ஒன்று வெயிலில் காய்ந்தது. ஒதுக்கீடு என்னும் சொல்லின் பொருளை இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் சொல்லாது.

வீடு கட்டுவது நின்றால் என்ன நடக்கும்? இருக்கும் வீட்டுக்கு வாடகை ஏறும். 1941 இல் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணையும் பாதுகாப்பு விதிகளின்கீழ் வந்தது. குடியிருப்பவனை வீட்டுக்காரன் நினைத்தபோது தெருவில் நிறுத்தாதபடி காத்த அந்த ஆணை, 1946 இலும் 1949 இலும் 1960 இலும் சட்டங்களாக வளர்ந்து, 2019 இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை வேறுவேறு வடிவில் வாழ்ந்தது. கட்டுப்பாடு என்றாலே கேடு என்போர் இதைக் கருதவேண்டும். ஒரு கையால் செங்கல்லைத் தடுத்த போர்க்கால அரசு, மறுகையால் குடியிருப்போனைக் காத்தது. ஆகவே, எந்த ஆணையையும் அது யாரைக் காக்கிறது என்பதைக் கொண்டே நாம் மதிப்பிட வேண்டும்.

தடை எல்லா நாட்டிலும் இருந்தது

இந்தத் தடை இந்தியாவுக்கு மட்டும் வந்த வினை அன்று. பிரிட்டனில் 1940 முதலே உரிமம் இன்றிக் கட்டடம் எழுப்பமுடியாத நிலை. மாளிகைகளின் முன்னும் பூங்காக்களைச் சுற்றியும் நின்ற இரும்புக் கிராதிகளை அறுத்தெடுத்துப் போர்த் தளவாடத்துக்கென்று கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் 1942 ஏப்ரலில் போர் உற்பத்தி வாரியம், இன்றியமையாத பணி தவிர மற்றக் கட்டட வேலைகளைத் தொடங்கக்கூடாது என்று ஆணையிட்டது. செல்வம் கொழித்த நாடே செங்கல்லை எண்ணிச் செலவிட்டது.

ஆனால் போர் முடிந்தபின் நடந்ததைப் பாருங்கள். பிரிட்டனில் தொழிற்கட்சி ஆட்சி வந்தது. வீட்டுவசதிப் பொறுப்பு அனூரின் பீவன் கைக்கு வந்தது. சுரங்கத் தொழிலாளியின் மகன் அவர். கட்டட உரிமத்தை உடனே தூக்கி எறியவில்லை. அதையே கருவியாக்கினார். தனியார் ஒரு வீடு கட்ட உரிமம் என்றால், வாடகைக்கு விடப்படும் நகராட்சி வீடுகள் நான்கு எழவேண்டும் என்று விகிதம் வகுத்தார். பற்றாக்குறைப் பண்டம் பணப்பையின் பருமனைப் பார்த்துப் போகாமல், கூரையற்றவனைத் தேடிப் போயிற்று. முன்னதாகவே செய்து பொருத்தும் தற்காலிக வீடுகள் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் எழுந்தன. 1954 நவம்பரில் கட்டட உரிமமுறை முடிவுக்கு வந்தது.

நம் நாட்டில்? 1946 இல் இன்றியமையாப் பொருள்கள் சட்டம் வந்தது. பெயரிலேயே 'தற்காலிக அதிகாரங்கள்' என்ற சொல் இருந்தது. தற்காலிகம் 1955 இல் நிரந்தரம் ஆயிற்று. இரும்பின் விலைக்கும் வினியோகத்துக்கும் இருந்த பிடி 1992 இல்தான் தளர்ந்தது. சிமெண்டின் கட்டு 1982 இல் பாதி அவிழ்ந்து, 1989 மார்ச்சு 1 அன்று முழுதும் அவிழ்ந்தது. போர் 6 ஆண்டு நடந்தது. போர்க்கால வழக்கமோ ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடந்தது!

அந்த நாள்களை அறிந்த பெரியவர்களைக் கேளுங்கள். 'சிமெண்டு பர்மிட்' என்பது எத்துணைப் பெரிய சொல் என்பதைச் சொல்வர். மனு, பரிந்துரை, கையொப்பம், காத்திருப்பு. எழுதத் தெரிந்தவன் மனு எழுதினான். அதிகாரியைத் தெரிந்தவன் கையொப்பம் பெற்றான். இரண்டும் தெரியாதவன் சுண்ணாம்புக் காளவாயோடும் மண்சுவரோடும் நின்றான். சீட்டுக்கு வந்த மூட்டை கள்ளச்சந்தைக்கும் போயிற்று. மகாராட்டிரத்தில் அந்துலே முதலமைச்சராக இருந்தபோது, கட்டடக்காரர்களுக்குச் சிமெண்டு ஒதுக்கியதற்கும் அறக்கட்டளை நன்கொடைக்கும் தொடர்பு உண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றம் கண்டது. 1982 சனவரியில் அவர் பதவி விலகினார். ஒரு மூட்டைச் சாம்பல்நிறத் தூள் ஓர் ஆட்சியின் நாற்காலியையே ஆட்டியது என்றால், அந்தத் தூளின் மீது எத்தனை பேரின் ஏக்கம் குவிந்திருக்க வேண்டும்!

போருக்கு முன்பே இருந்த பட்டியல்

போர்தான் முதன்முதல் தடுத்ததா? இல்லை. இந்நாட்டில் கட்டடப் பொருளுக்குத் தடை போட்ட பழைய அரசு ஒன்று உண்டு. அதன் பெயர் சாதி.

கரூர் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்று, கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டம் தாங்கிய மன்னனின் ஆணையைக் கூறுகிறது. வெங்கால நாட்டுக் கம்மாளர்க்கு அவன் சில உரிமைகளை வழங்குகிறான். நல்லது கெட்டதுகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது காலில் செருப்பு அணியலாம், தங்கள் வீட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசிக்கொள்ளலாம்.

இதை மன்னனின் பெருந்தன்மை என்று புகழ்வோர் உளர். பகுத்தறிவாளன் வேறுவிதமாகப் படிப்பான். கொடுக்கப்பட்டது உரிமை என்றால், அதுவரை இருந்தது மறுப்பு. கம்மாளர் யார்? தச்சர், கொல்லர், கல்தச்சர், தட்டார், கன்னார். கோபுரத்துக்குக் கல் செதுக்கியவன் அவன். அரண்மனைக் கதவுக்குக் குமிழ் அடித்தவன் அவன். ஊருக்கெல்லாம் மாளிகை எழுப்பிய அந்தக் கை, தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச மன்னன் ஆணையை எதிர்பார்த்துக் கிடந்தது. பூசத் தெரியாததாலா? சுண்ணாம்பு கிடைக்காததாலா? பிறந்த குலம் அதற்கு உரியதன்று என்று சொன்னதால்!

மறுபக்கத்தையும் காணுங்கள். சோழர் காலச் செப்பேடுகளில் பிரமதேய ஊர்களுக்குக் கொடுத்த சலுகைகளின் பட்டியல் வரும். சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளும் உரிமையும் அதில் ஒன்று. வேதம் ஓதியவர்க்குச் சுட்ட செங்கல் சலுகையாகச் சென்றது. அந்தச் செங்கல்லை அடுக்கிய கைக்குச் சாந்துகூடத் தனி ஆணை கேட்டது. மண்ணைச் சுட்டால் செங்கல். கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு. நெருப்புக்குச் சாதி தெரியாது. நெருப்பிலிருந்து எடுத்த பொருளுக்குச் சாதி கற்பித்தவன் மனிதன்.

போர்க்கால ஆணைக்கும் இந்தப் பழைய ஆணைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதை நேர்மையோடு சொல்லவேண்டும். போர்க்கால ஆணை காரணம் சொன்னது; காலம் சொன்னது; மிராசுதாரனையும் சீட்டு வாங்கச் சொன்னது. சாதியின் ஆணை காரணமும் சொல்லவில்லை, காலக்கெடுவும் சொல்லவில்லை. எழுதாத சட்டம் அது. எழுதிய சட்டத்தை எதிர்த்து மனுப் போடலாம். எழுதாத சட்டத்தை எந்த மன்றத்தில் எதிர்ப்பது?

மலைமேல் ஒரு வீடு

இனி மலைக்குப் போவோம். கல்வராயன் மலையில் வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். மலையாளம் பேசுவோர் அல்லர். மலையை ஆள்பவர் என்று பெயர். பெயர்தான் அப்படி. மலையை ஆண்டவர் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்கள். கிருட்டிணதேவராயர் காலத்தில் பட்டயம் பெற்றோம் என்பது அவர்கள் கூற்று. வெள்ளையன் வந்தான், போனான், ஜாகீர் போகவில்லை. நாடு விடுதலை பெற்றது 1947 இல். இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டம் வந்தது 1963 இல். கல்வராயன் மலை ஜாகீர்தார் பிடியிலிருந்து அரசின்கீழ் வந்ததோ 1976 இல்! கீழே நாட்டின் கொடி ஏறி 29 ஆண்டு கழித்து மேலே விடுதலை ஏறியது. உழுத மண் தனதென்று சொல்ல ஒரு துண்டுத் தாளும் இல்லாமல், வரி கொடுத்தும் கூலியின்றி உழைத்தும் வாழ்ந்த தலைமுறைகள் அங்கே மண்ணாயின.

போர்க்காலத்தில் இந்த மலையின் பழைய வீடு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மூங்கில் தப்பையைப் பின்னிச் சுவர். சுவரின் மேல் மண். மண்ணின் மேல் சாணம். தலைக்கு மேல் புல் வேய்ந்த கூரை. இப்போது 1941, 1942 ஆண்டுகளின் தடைப்பட்டியலை எடுத்து அந்த வீட்டின் முன் நில்லுங்கள். எஃகு, சிமெண்டு, கூரைத் தகடு என்று ஒவ்வொன்றாகப் படியுங்கள். அவற்றில் ஒன்றும் அந்த வீட்டில் இல்லை! பேரரசு தடை போட்டது. மலைவாழ் மனிதன் ஒன்றையும் இழக்கவில்லை. அவனிடம் தடுக்க ஒன்றும் இருந்ததில்லை.

கட்டுப்பாடு வந்ததே என்று சமவெளியில் கண்கலங்கியவன் இருந்தான். அவனுக்கும் நம் பரிவு உண்டு. கட்டுப்பாடு வந்ததே தெரியாமல் வாழ்ந்தானே ஒருவன், அவனன்றோ நம் நெஞ்சைச் சுடவேண்டும்? 1941 க்கு முன்னும் அவன் வீட்டில் சிமெண்டு இல்லை. 1945 க்குப் பின்னும் இல்லை. சமவெளியின் சேரியில் வாழ்ந்தவனுக்கும் இதே நிலை. மற்றவர்க்கு 6 ஆண்டுப் பற்றாக்குறை. அவனுக்கோ ஆயுள் முழுதும் பற்றாக்குறை.

"தலைவிதி" என்பார் சிலர். "மனையடி சாத்திரம் சரியில்லை, வாசல் வடக்கே இல்லை" என்பார் வேறு சிலர். இரங்கூன் வீழ்ந்ததால் தேக்கு வரவில்லை, இது விளங்குகிறது. படைத்துறைக்கு ஒதுக்கியதால் சிமெண்டு வரவில்லை, இதுவும் விளங்குகிறது. ஜாகீர் இருந்ததால் மலையில் பட்டா இல்லை. சாதி இருந்ததால் சுவரில் சாந்து இல்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு காரணத்துக்குப் பின்னும் ஓர் ஆணை உண்டு. ஒவ்வோர் ஆணைக்குப் பின்னும் ஒரு மனிதன் உண்டு. மனிதன் போட்டதை மனிதன் மாற்றலாம். விதி என்று சொல்லிவிட்டால் மாற்ற ஆளில்லை. ஆதிக்கக்காரனுக்கு வேண்டுவதும் அதுதான்.

இனி நம் வேலை

மாற்றம் வரவில்லையா? வந்தது. கலைஞர் ஆட்சியில் 1970 இல் குடிசைமாற்று வாரியம் அமைந்தது. 2010 இல் ஊரகக் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டம் தொடங்கியது. 2030 க்குள் 8 இலட்சம் வீடுகள் என்னும் இலக்குடன் 2024 இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரு வீட்டுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய் உதவி. சிமெண்டும் கம்பியும் குடிசையைத் தேடிப் போகவேண்டும் என்ற எண்ணம் அரசின் கொள்கையாயிற்று. கரூர்க் கல்வெட்டிலிருந்து இதுவரை வந்த தொலைவு சிறிதன்று.

எனினும், திட்டம் தாளில் ஏறுவது ஒன்று. மலையில் ஏறுவது வேறு. பட்டா இல்லாதவன் வீட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பான்? சாலை இல்லாத சிற்றூருக்குக் கம்பியும் சிமெண்டும் எந்த விலையில் போய்ச்சேரும்? மலையடிவாரத்தில் இறக்கிய மூட்டை மேலே போவதற்குள் தலைச்சுமைக் கூலியும் சேர்ந்துவிடாதா? காட்டு மூங்கிலை வெட்டினால் வழக்கு வரும் என்ற அச்சம் பழங்குடியினர் நெஞ்சில் நெடுங்காலம் இருந்தது. 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மூங்கிலையும் சிறு வனமகசூல் என்று கூறி அதன்மேல் அவர்களுக்கு உரிமை தந்தது. அந்தச் செய்தி கல்வராயனின் ஒவ்வொரு சிற்றூருக்கும் போய்ச்சேர்ந்ததா? சேர்ப்பது யார் பொறுப்பு?

2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன்பின் சென்னை உயர்நீதிமன்றம், கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கை நிலையைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. நீதிமன்றம் கேட்டது நன்று. அதற்கு முன்பே நாம் கேட்டிருக்க வேண்டும். மேடையில் சாதி ஒழிப்பைப் பேசும் நாம், மலையில் எத்தனை வீட்டுக்கு இன்னும் கூரை ஒழுகுகிறது என்று எண்ணிச் சொல்ல முடியாவிட்டால், நம் பேச்சுக்கு அடித்தளம் ஏது?

ஆகவே, இளைஞர்களே, வரலாற்றைப் படித்துவிட்டு மூடிவைக்க வேண்டாம். பற்றாக்குறை நாளையும் வரலாம். மணலுக்கு வரலாம், தண்ணீருக்கு வரலாம், போரினால் வரலாம், நோயினால் வரலாம். அப்போது ஆணைகளும் வரும். வரும் ஒவ்வோர் ஆணையின் முன்னும் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். முதலில் யாருக்கு? எதுவரை? கணக்கை யார் பார்ப்பது? இந்த மூன்றுக்கும் விடை இருந்தால் அந்தக் கட்டுப்பாடு பொதுநலம். விடை இல்லையேல் அது பழைய ஆதிக்கத்தின் புதிய சீட்டு.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா. உங்கள் ஊராட்சியில் வீட்டுத் திட்டப் பயனாளிகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கிராமசபைக் கூட்டத்தில் அதை உரக்கப் படியுங்கள். விடுபட்ட பெயர் எந்தத் தெருவைச் சேர்ந்தது என்று பாருங்கள். மனு எழுதத் தெரியாதவர்க்கு மனு எழுதிக் கொடுங்கள். பட்டா இல்லாத மலைக் குடும்பத்துக்கு வன உரிமைச் சட்டத்தை விளக்குங்கள். சென்ற நூற்றாண்டில் எழுதத் தெரிந்தவன் தனக்கே சீட்டு எழுதிக்கொண்டான். இந்த நூற்றாண்டில் எழுதத் தெரிந்தவன் அடுத்தவனுக்காக எழுதட்டும்.

கம்மாளனின் சுவருக்குச் சாந்து பூசலாம் என்று ஒரு மன்னன் கல்லில் எழுத வேண்டியிருந்தது. கல்வராயன் மலையில் கடைசிக் கூரையும் ஒழுகாது நிற்கும் நாளை எந்த மன்னனும் எழுதித் தரமாட்டான். அதை நாம்தான் கட்டவேண்டும்.